அழுத்தினால் எது குறைகிறது?

எல்லாருக்கும் வணக்கம். காற்றை அழுத்துவதும் கணினியில் கோப்பைச் சுருக்குவதும் வேறு வேறு வேலைகள். ஆனால் இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: அளவு குறைந்ததே, குறைந்தது எது?

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டரில் உள்ள காற்று ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகக் குறுகுகிறது. ஒரு மூலக்கூறுகூடக் காணாமல் போகவில்லை. நடுவே இருந்த வெற்றிடம்தான் குறைந்தது. பிஸ்டன் செய்த வேலை காற்றைச் சூடாக்கி 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. தண்ணீர் இப்படி அழுந்தாது. அதன் மூலக்கூறுகள் ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கின்றன.

சரி, கோப்புக்குள் என்ன வெற்றிடம்? ‘அம்மா’ என்று தட்டச்சு செய்யுங்கள். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் அது ஐந்து குறியீடு: அ, ம, புள்ளி, ம, கால். அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (பைட் என்பது கணினிச் சேமிப்பின் சிறு அலகு), ஆக 15. எண்ணாக விரித்தால், ஒவ்வொரு மூன்றிலும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. எந்தத் தமிழ் எழுத்தானாலும் இப்படித்தான். மூன்றில் முதல் இரண்டு பைட் என்னவென்று பார்க்காமலே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இப்படி முன்கூட்டியே ஊகிக்க முடிவதுதான் கோப்பிலுள்ள வெற்றிடம்.

கோப்புகளைச் சுருக்கும் ஜிப் என்ற முறை அதைத்தான் பிடிக்கிறது. ஏற்கெனவே வந்த துண்டு மறுபடி வந்தால், ‘இத்தனை பைட் பின்னால் போய் இவ்வளவு எடுத்துக்கொள்’ என்று மட்டும் குறித்துவைக்கிறது. இது கணினி அறிஞர்கள் லெம்பலும் ஜிவ்வும் 1977-இல் தந்த வழி. ஜிப்பின் இன்னொரு உத்தி, அடிக்கடி வருவதற்குக் குட்டைக் குறி, அரிதாக வருவதற்கு நீளக் குறி என்பது. அது 1952-இல் ஹஃப்மன் வெளியிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, வகுப்புக் கட்டுரைக்காக யோசித்துக் கண்டுபிடித்தார். எவ்வளவு அழகான வேலை! பிரித்தால் ஒரு பைட் பிசகாமல் திரும்ப வருகிறது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் சுருக்க முடியாது. அந்த எல்லையைத் தகவல் கோட்பாட்டை வகுத்த ஷானன் 1948-லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். ஜிப் கோப்பை மறுபடி ஜிப் செய்துபாருங்கள், பெரும்பாலும் குறையவே குறையாது.

படங்களைச் சுருக்கும் ஜேபெக் அப்படியல்ல. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் அதிகம் கவனிக்காத நுண்விவரத்தைத் தூக்கி எறிகிறது. வெற்றிடத்தோடு மூலக்கூறும் போகிறது, அது திரும்பாது. கல்யாணப் படத்துக்கு இது போதும். ஆனால் ஓலைச்சுவடியில் மங்கிய ஒரு கீறல்தான் ஒரு எழுத்து. பலமாகச் சுருக்கினால் முதலில் போவது அதுதான். அதனால் சுவடிகளைப் படமெடுப்பவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: இழப்பில்லாத மூலக்கோப்பைத் தனியாக வையுங்கள், மற்றவர்களுக்கு அனுப்ப ஜேபெக் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.