எம்.பி.க்கு மேயர் நாற்காலி மேல் கண்

வணக்கம் நேயர்களே. ஓர் அரசியல்வாதி அடுத்து எந்தப் பதவிக்கு ஆசைப்படுகிறார் என்று தெரிந்தால், இன்று யாருக்காக உழைக்கிறார் என்று சொல்லிவிடலாம். நான் பல வருடமாகச் சொல்லி வருவது இதைத்தான்.

பிரேசிலை எடுத்துக்கொள்வோம், அதிபர் ஆட்சி நடக்கும் நாடு. அங்கே கீழவையில் 513 பேர். அதில் பலருக்குச் சொந்த ஊர் மேயர் பதவி மேல்தான் கண். ஆமாம், மேயர்தான்! 513 பேரில் ஒருவராக இருப்பதைவிட, சொந்தமாக நிதியும் ஆட்களும் உள்ள நகராட்சி பெரிதாகத் தெரிகிறது. எம்.பி.யின் நான்கு வருடத்தில் பாதியில் உள்ளாட்சித் தேர்தல் வந்துவிடும். ராஜினாமா செய்யாமலே நிற்கலாம், தோற்றால் பழைய இடம் அப்படியே இருக்கும்.

2020இல் ரெசிஃபி நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள், எனக்கு அலுக்காத கதை இது. இறுதிச் சுற்றில் மோதிய இருவருமே 2018இல் ஜெயித்த எம்.பி.க்கள். ஒருவர் ஜொவாவ் காம்போஸ், 27 வயது. எதிரே மரீலியா அராயெஸ், காம்போஸின் அப்பாவுக்கு மாமன் மகள். ஒரே குடும்பம், வேறு வேறு கட்சி, ஒரே நாற்காலி! காம்போஸ் ஜெயித்து மேயரானார். மரீலியா? எம்.பி.யாகவே தொடர்ந்தார்.

அமைச்சரானாலும் அப்படித்தான். பிரேசிலில் எம்.பி. பதவி போகாது, லீவு எடுத்தால் போதும், மாற்று உறுப்பினர் வந்து உட்காருவார். முக்கியமான வாக்கெடுப்பு வந்தால் அமைச்சர் பதவியை விட்டு அவைக்கு வந்து ஓட்டுப் போட்டுவிட்டு மறுபடி அமைச்சராகிவிடுவார்; 2017 ஆகஸ்டில் அதிபர் டெமர் மீதான குற்றச்சாட்டு அவைக்கு வந்தபோது பல அமைச்சர்கள் இதைத்தான் செய்தார்கள்.

இதெல்லாம் பட்ஜெட்டிலும் தெரிகிறது. ஒவ்வொரு எம்.பி.யும் பட்ஜெட்டில் தன் பங்குக்குச் சில செலவுகளைச் சேர்க்கலாம், 2015 முதல் அரசு அதைக் கட்டாயம் செலவழித்தாக வேண்டும், பாதி சுகாதாரத்துக்கு. நாளைக்கு மேயராக நினைக்கிறவர் அதை எங்கே அனுப்புவார்? தன் ஊர் மருத்துவமனைக்கும் ஆம்புலன்ஸுக்கும்தான். அந்த ஊருக்கு நல்லதுதான், ஆனால் நாடு முழுவதற்குமான சட்டத்தை உட்கார்ந்து படிக்க யாருக்கு நேரம் இருக்கும்? என் கவலை அதுதான்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மெக்சிகோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1933 முதல் அங்கே எம்.பி.க்கள் அடுத்தடுத்து இரண்டு முறை பதவியில் இருக்க முடியாது என்றிருந்தது, அதனால் அடுத்த வேலையைத் தரப்போகும் கட்சித் தலைமையைத்தான் பார்த்தார்கள், தொகுதியை இல்லை. 2014இல் சட்டத்தை மாற்றினார்கள், 2021இல்தான் கீழவைக்காரர்கள் முதல் முறையாக மறுபடி நின்றார்கள். 2030 முதல் அந்தப் பழைய தடை மீண்டும் வருகிறது. நன்றி, வணக்கம்.