'உம்' படுத்தும் பாடு

நேயர்களுக்கு வணக்கம். "சனியும் ஞாயிறும் விடுமுறை." கேட்டதும் புரிந்துவிடுகிறது, இல்லையா? இதை அப்படியே கணினி நிரலாக்கி, 'கிழமை சனி அண்ட் கிழமை ஞாயிறு என்றால் விடுமுறை' என்று எழுதிப் பாருங்கள். ஆண்டு முழுக்க ஒரு நாள்கூட விடுமுறை கிடைக்காது!

அண்ட் (and) என்றால் இருபக்கமும் ஒரே சமயத்தில் உண்மையாக வேண்டும். ஒரே நாள் சனியாகவும் ஞாயிறாகவும் இருக்குமா? நம் 'உம்' இரண்டு நாட்களை அடுக்கிச் சொல்கிறது. கணினியோ இன்றைய ஒரு நாளை நிறுத்திவைத்து இரண்டு கேள்வி கேட்கிறது. அதனால் அங்கே போட வேண்டியது 'ஆர்' (or), அதாவது 'அல்லது'. இரண்டில் ஒன்று உண்மையானால் போதும்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் சிலர் சுருக்கமாக, 'கிழமை சனி ஆர் ஞாயிறு' என்று எழுதிவிடுவார்கள். ஆருக்குப் பின்னால் தனியாக நிற்கும் 'ஞாயிறு' என்ற சொல் வெறுமையாக இல்லாததால் பைத்தான் அதையே உண்மை என்று கொள்ளும். எல்லா நாளும் விடுமுறைதான். கிழமை என்பதை இரண்டு தடவையும் எழுதத்தான் வேண்டும்.

இப்போது வேலை நாளைக் கேட்போம். 'சனி இல்லை ஆர் ஞாயிறு இல்லை.' சரிபோலத்தான் தோன்றும். சனிக்கிழமையை உள்ளே அனுப்புங்கள். சனி இல்லையா? பொய். ஞாயிறு இல்லையா? உண்மை. ஒன்று உண்மையாகிவிட்டதே, ஆருக்கு அது போதும். சனியும் வேலை நாள், ஞாயிறும் வேலை நாள்! பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் வம்பு. 19ஆம் நூற்றாண்டுக் கணிதர் டி மார்கன் பெயரில் இதற்கு ஒரு விதி உண்டு: 'நாட்' (not) என்பதை, அதாவது 'இல்லை'யை, அடைப்புக்குள் கொண்டுபோனால் ஆர் அண்டாக மாறும், அண்ட் ஆராக மாறும். ஆகவே, '(சனி ஆர் ஞாயிறு) இல்லை' என்பது 'சனி இல்லை அண்ட் ஞாயிறு இல்லை' ஆகிறது.

இரண்டும் கலந்து வந்தால்? கூட்டலுக்கு முன் பெருக்கல் மாதிரி, ஆருக்கு முன் அண்ட். 'உறுப்பினர் ஆர் விருந்தினர் அண்ட் வயது 18 நிரம்பியவர்' என்றால் வயதுக் கட்டுப்பாடு விருந்தினருக்கு மட்டும்தான். பத்து வயது உறுப்பினர் தாராளமாக நுழைவார். முதல் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

நேரம் நெருங்குகிறது, இன்னும் ஒன்றே ஒன்று. அண்டின் இடப்பக்கம் பொய்யானால் சி, ஜாவா, பைத்தான் ஆகிய மூன்று நிரல்மொழிகளுமே வலப்பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சராசரி கணக்கிடும்போது 'எண்ணிக்கை பூச்சியம் இல்லை' என்பதை இடப்பக்கம் வைத்து, வகுத்தலை வலப்பக்கம் வையுங்கள். மாற்றி வைத்தால் பூச்சியத்தால் வகுக்கப் போய் நிரல் நின்றுவிடும். ஜாவாவில் அண்ட் குறியை (&) இரண்டாகப் போடுங்கள். ஒற்றைக் குறி இருபக்கத்தையும் பார்த்துவிடும். வணக்கம்.