கல்லைத் தூக்கியவர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மொரீஷியஸ் தீவில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கருங்கற்களைக் குவித்து வைத்திருப்பார்கள். அவற்றை அங்கே குவித்த மனிதர்களைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலைக் குழம்பு இறுகி உருவான தீவு அது. சிறு தீவுகளையும் சேர்த்தால் நாட்டின் பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். தென்கிழக்குக் காற்று நடுமேட்டில் மோதி மழையைக் கொட்டுவதால் க்யூர்பிப் ஊர் ஈரமாகவே கிடக்கும். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள தலைநகர் போர்ட் லூயிஸில் வெயில் காயும். மண் வளமானதுதான், ஆனால் வெட்டும் இடமெல்லாம் கல். கையால் பொறுக்கி அப்புறப்படுத்தினால்தான் பயிர் வைக்க முடியும். கரும்பு அங்கே நிலைத்ததற்குப் புயலும் ஒரு காரணம். மற்ற பயிர்களைப் புயல் அழித்துவிடும், கரும்பு சாய்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

அந்தத் தீவுக்குப் பூர்வகுடிகள் கிடையாது. 1638-ல் டச்சுக்காரர்கள் குடியேறினார்கள், 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், 1810-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். காட்டை அழித்ததும் கல்லைத் தூக்கியதும் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். 1835-ல் அடிமைமுறை ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் இந்தியாவிலிருந்து வரத் தொடங்கிவிட்டன. கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து சுமார் 4.5 லட்சம் பேர் போனார்கள். அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் என்ற படித்துறை இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

தமிழர்கள் அதற்கும் முன்பே அங்கே இருந்தார்கள். பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்தில் புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் போர்ட் லூயிஸைக் கட்டப் போயிருக்கிறார்கள். தைப்பூசக் காவடிக்கு இன்று அங்கே அரசு விடுமுறை. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998-ல் அச்சிட்ட நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளியபோது தமிழர்கள் போராடினார்கள், வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது.

இதையெல்லாம் கேட்டு நமக்குப் பெருமையாக இருக்கும். சரிதான், பெருமைப்படலாம். ஆனால் மொரீஷியஸ் பற்றி நம் மேடைகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். நம்மவர்களுக்கு முன்பே அந்தக் கல்லைச் சுமந்த அடிமைகளுக்குக் கூலிகூடக் கிடையாது. அவர்கள் உருவாக்கிய இசைதான் செகா. ஆட்டுத்தோல் போர்த்திய ரவான் பறையை நெருப்பில் காய்ச்சி அடிப்பார்கள். இன்று எல்லா இனத்தவரும் அதற்கு ஆடுகிறார்கள்.

அப்புறம், கிரியோல் மொழி. பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு அந்த அடிமைகள் வளர்த்தெடுத்தது. தமிழர் வீட்டிலும், வட இந்தியாவிலிருந்து போன போஜ்பூரிக்காரர் வீட்டிலும் சீனர் கடையிலும் அதைத்தான் பேசுகிறார்கள். ஆனால் பத்திரிகைகளில் பிரெஞ்சு, நாடாளுமன்றத்தில் ஆங்கிலம். நாடு 1968-ல் சுதந்திரம் அடைந்தது. கிரியோல் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாக நுழைந்தது 2012-ல்தான். ஊரே பேசும் மொழியை இவ்வளவு காலம் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.