உங்கள் ஏரிக்குக் கோடி எந்தப் பக்கம்?

(தருமபுரியில் உள்ளாட்சி ஊழியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்த தலைப்பு 'தாக்கம் சார்ந்த வானிலை எச்சரிக்கை'. மிரள வேண்டாம், ஒகேனக்கல் போய்வந்தவர்களுக்குப் பழகிய விஷயம்தான்.

கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறக்கிறார்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் அளக்கிறார்கள். கலெக்டரிடமிருந்து உத்தரவு வருகிறது: பரிசல் ஓட்டக்கூடாது, அருவியில் குளிக்கக்கூடாது. விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று பேப்பரில் படித்தால் எத்தனை பேருக்குப் புரியும்? கரையில் கவிழ்த்துப் போட்ட பரிசலைப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும்.

சரி, காவிரிக்குச் செய்வதை ஏரிக்குச் செய்கிறோமா?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடலே இல்லாத ஊத்தங்கரையில், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை. அரூரில் 33. வானிலை மையக் கணக்கில் 20 செ.மீ. தாண்டினாலே அதி கனமழை. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் ஊத்தங்கரை பஸ் நிலையம் பக்கம் நின்ற வேன்களையும் கார்களையும் இழுத்துக்கொண்டு போனது. அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பத்திரமான இடம் என்று நினைத்துத்தானே அங்கே நிறுத்தியிருப்பார்கள்? 'ரெட் அலர்ட்' என்பது வானத்தைப் பற்றிய சேதி. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்தான் கோடி. 'ஏரி கோடி போனால் தண்ணீர் இந்த ரோட்டில் வரும், வண்டியை எடுங்கள்' என்பதுதான் வண்டிக்காரருக்கு வேண்டிய சேதி.

ஒரே மழை எல்லா இடத்திலும் ஒரே வேலை செய்யாது. தேன்கனிக்கோட்டைக் காட்டில் 10 செ.மீ. பெய்தால் யானைகூடக் கவலைப்படாது. தொப்பூர் கணவாயில் அரை மணி நேரம் தூறினாலே லாரிக்காரருக்கு வயிற்றில் புளி கரையும். கேழ்வரகு களத்தில் கிடந்தால் 2 செ.மீ. போதும். வானிலை எப்படி இருக்கும் என்பதோடு நிற்காமல், அது என்ன செய்யும் என்றும் சொல்லுங்கள் என்று உலக வானிலை அமைப்பு 2015-லேயே வழிகாட்டி வெளியிட்டது.

வானிலை மையம் அதைத் தனியாகச் சொல்ல முடியாது. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைந்தால் ஏரி ஊராட்சி ஒன்றியத்துடையது, அதற்கு மேல் நீர்வளத் துறையுடையது. தண்ணீருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒன்றியத்து ஏரி கோடி போய் நீர்வளத் துறை ஏரியில் விழும். நடுவில் ரோடு நெடுஞ்சாலைத் துறை, கம்பம் மின்வாரியம்.

அதனால் ஒரு சின்ன வேலை. கையில் இருக்கும் தாளில் உங்கள் ஊர் ஏரிக்குக் கோடி எந்தப் பக்கம், தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகும், மதகைப் பார்ப்பவர் யார், அவர் போன் நம்பர் என்ன என்று எழுதுங்கள். டீ வருவதற்குள் முடித்துவிடலாம். அப்புறம், பக்கத்து ஊர்க்காரரையும் கூட உட்கார்த்திக்கொள்ளுங்கள். உங்கள் கோடித் தண்ணீர் அவர் ஏரிக்குத்தான் போகிறது.