சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு மைக்: பாய்மரப் படகில் ரிமோட் மைக் பொருத்துவது

[காட்சி: கோயம்புத்தூர், கணபதி. ஒர்க்‌ஷாப் மேஜை. அதன்மேல் ஒரு ரேடியோ, சுருட்டிய கறுப்பு கேபிள், கைக்குள் அடங்கும் ஒரு மைக்.]

வணக்கமுங்க. கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு படகு வேலை சொல்ல வந்துவிட்டான் என்று சிரிக்காதீர்கள். கொச்சி இங்கிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர்தான். காலையில் வாளையாறு தாண்டினால் மதியச் சாப்பாட்டுக்குப் படகுத்துறையில் இருக்கலாம். திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் ஒருவர் அங்கே ஒரு பாய்மரப் படகு வைத்திருக்கிறார். அதில் நான் செய்த வேலையைத்தான் இன்றைக்குக் காட்டப் போகிறேன்.

இந்தப் படகுகளில் மற்ற கப்பல்களோடும் கரையோடும் பேசுகிற வி.எச்.எஃப் ரேடியோவைக் கீழே கேபினுக்குள், மழையும் உப்புத் தண்ணீரும் படாத மூலையில் வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவரோ மேலே, பின்பக்கம் திறந்த காக்பிட்டில் இருப்பார். எல்லோரும் காது கொடுத்திருக்கும் பொது அழைப்புச் சேனலான 16இல் ஒரு கப்பல் கூப்பிடுகிறது. எஞ்சின் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. பதில் சொல்ல வேண்டுமானால் சுக்கானை விட்டுவிட்டுப் படி இறங்க வேண்டும். தனி ஆளாகப் போகிறவருக்கு அது ஆகிற காரியமா?

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். மோட்டார் கிணற்றில் இருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டார் ரூமில் இருக்கிறது. நாம் திண்ணையில் உட்கார்ந்தபடி செல்போனில் தண்ணீர் எடுத்து விடுகிறோம். அதே கதைதான். ரேடியோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்பீக்கர், திரை, சேனல் மாற்றும் பொத்தான், ஆபத்துக்கான சிவப்புப் பொத்தான் எல்லாம் சேர்ந்த மைக் மட்டும் கேபிள் வழியாக மேலே வரும். தனி கரண்ட் லைன் இழுக்கத் தேவையில்லை, ரேடியோவே கொடுத்துவிடும்.

"ஒரு வாக்கி டாக்கி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் போதாதா?" என்று திருப்பூர்க்காரரும் கேட்டார். நல்ல கேள்வி. கையில் பிடிக்கும் செட் 5, 6 வாட். உள்ளே இருப்பது 25 வாட். ஆனால் வாட்டைவிட உயரம்தான் பெரிய விஷயம். வி.எச்.எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் போகாது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் எல்லை கிலோமீட்டரில் வரும். கையில் 1 மீட்டர் உயரத்தில் பிடித்தால் 4 கிலோமீட்டர் சொச்சம். பாய்மரத்தின் உச்சியில் 16 மீட்டர் உயரத்தில் இருந்தால் 16 சொச்சம். எதிராளியின் ஆன்டெனாவுக்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். ரிமோட் மைக்கில் பேசினால் குரல் போவது அந்த உச்சியிலிருந்துதான். வாக்கி டாக்கியும் ஒன்று இருக்கட்டும், படகை விட்டு இறங்க வேண்டி வந்தால் அதுதான் கூட வரும்.

வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள். ஐகாம் கம்பெனி மைக் ஸ்டாண்டர்ட் ஹொரைசன் கம்பெனி ரேடியோவில் வேலை செய்யாது. ஒரே கம்பெனியிலும் எல்லா மாடலுக்கும் பொருந்தாது. பழைய செட்டில் இரண்டாவது மைக்குக்கான சாக்கெட்டே இல்லாமல் இருக்கும்.

[காட்சி: கொச்சி. படகின் காக்பிட். சுக்கான் சக்கரத்துக்கு முன்னால் திசைகாட்டி.]

எங்கே வைப்பது? கை தானாகப் போகும் இடம் இந்தச் சக்கரத் தூண்தான். அங்கேதான் திசைகாட்டியும் இருக்கிறது! மைக்குக்குள் ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்குள் காந்தம். மைக்கைப் பக்கத்தில் கொண்டு போகிறேன், முள்ளைப் பாருங்கள். ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். கடைசியில் கேபின் வாசலை ஒட்டிய சுவரில், உட்கார்ந்தபடி எட்டும் இடமாகப் பார்த்தேன். கயிறு இழுக்கும்போது முழங்கை இடிக்காது. தண்ணீர் தேங்கும் தரையிலிருந்தும் உயரம்.

இனி மைக் கேபிளைச் சொருகும் சாக்கெட்டுக்கு அந்தச் சுவரில் ஓட்டை. உண்மையில் வேலையே இதுதான், மற்றதெல்லாம் பிளக் சொருகுவது. ஃபைபர் சுவர் என்று நினைத்து டிரில்லை வைத்தால் நடுவில் பால்சா மரம் வரும். இரண்டு பக்கமும் ஃபைபர் தோல், நடுவில் தக்கை மாதிரி லேசான கட்டை. முதன்முதலில் ஒரு படகில் நேராக ஓட்டை போட்டு, சுற்றிலும் சிலிக்கான் பிதுக்கிவிட்டு வந்தேன். அடுத்த மழைக்காலம் முடிந்து போய்த் தட்டினால் 'டொக் டொக்' என்று கேட்க வேண்டிய இடம் பொத பொதவென்று இருந்தது. தண்ணீர் கட்டைக்குள் இறங்கி ஊறிவிட்டது. என் தப்புதான், என் செலவில் வெட்டி எடுத்துச் சரி செய்தேன்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். சாக்கெட்டோடு வரும் அளவுத் தாளை ஒட்டி, முதலில் ஒரு சின்ன ஓட்டை போட்டு உள்பக்கம் ஒயர் ஏதும் ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வேண்டியதைவிடப் பெரிய ஓட்டை. பின்பக்கம் டேப் ஒட்டி மூடி, கெட்டியாகக் கலந்த எபாக்சிப் பசையால் முழுக்க நிரப்பி, ஒரு நாள் விடுங்கள். கல்லாக இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் துளை போட வேண்டும். இப்போது சுற்றிலும் எபாக்சி வளையம். மேலே சாக்கெட்டின் ஓரம் கசிந்தாலும் தண்ணீர் கட்டையைத் தொடாது. சாக்கெட்டுக்கு அடியில் தண்ணீர் புகாமல் ஒட்டும் பியூட்டைல் ரப்பர் டேப். அவசரப்படாமல் நான்கு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கேபிள் ஆறேழு மீட்டர் வரும். அதிகமாக இருந்தால் சுருட்டிக் கட்டுங்கள், வெட்டாதீர்கள். போர் மோட்டார் கேபிளுக்கு நாம் போடும் ஜாயிண்ட் இதற்கு ஆகாது. உள்ளே மெல்லிய டேட்டா ஒயர்கள். ஆன்டெனா கேபிளோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். ரேடியோவுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள். நம் வீட்டு சர்வீஸ் ஒயரைப் பாருங்கள், அப்படித்தான் தொங்கிவிட்டு ஏறும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கணபதி ஒர்க்‌ஷாப் மேஜையில் நான் சேனல் மாறுகிறதா, சத்தம் ஏறுகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன், பேசும் பொத்தானைத் தொடவில்லை. கடலுக்கான அலைவரிசையைக் கோயம்புத்தூரில் ஒலிபரப்பக் கூடாது. ஆன்டெனா இல்லாமல் அழுத்தினால் செட்டும் போய்விடலாம். படகில் சோதிக்கும்போது 1 வாட்டுக்குக் குறைத்து, 16 அல்லாத ஒரு சேனலில் பக்கத்துப் படகோடு பேசிப் பாருங்கள். சிவப்புப் பொத்தானைச் சோதனைக்காக அழுத்தவே கூடாது. அதை அழுத்திப் பிடித்தால் உங்கள் படகின் எண்ணோடு ஆபத்துச் செய்தி 70ஆம் சேனலில் போய்விடும், தேடுதலே தொடங்கலாம். நம் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554, அதையும் மைக் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

இறங்கும்போது மைக்கைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள், வெயில் தின்றுவிடும். சாக்கெட்டுக்கு ஒரு ரப்பர் மூடி கொடுப்பார்கள். அது எப்படியும் கடலில் விழும். முதல் நாளே தூண்டில் நரம்பால் கட்டிவிடுங்கள்.