ஐந்தாம் இடத்துக்காரருக்கு ஒரு வக்காலத்து

நடுவர் அவர்களுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், மழை வந்துவிடுமோ என்று அண்ணாந்து பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். விளையாட்டு வீரரின் புகழை நிலைநிறுத்துவது பதக்கமா, மக்கள் மனமா என்பது தலைப்பு. நான் மக்கள் மனம். சரி, நேரமில்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒரு கல்லை எறிந்துவிட்டுப் போனார். "பதக்கம் வாங்கத் துப்பில்லாதவன்தான் மனசை வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு திரிவான். அடுத்து வருகிறவர் அலெக்ஸி நெமோவ் என்ற ரஷ்ய ஜிம்னாஸ்டிக்ஸ் வீரரைத் தூக்கிக்கொண்டு வருவார் பாருங்கள். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் வந்தவர். ஐந்தாம் இடத்துக்கெல்லாம் ஒரு பட்டிமன்றமா?" என்று கேட்டார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். எங்கள் அணித் தலைவி அக்காவும் சிரித்தார், அதையும் பார்த்தேன். நான் யாரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்பது அண்ணனுக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, நான் ரசத்துக்குக் கை நீட்டிய நேரத்தில் என் குறிப்புச் சீட்டைப் படித்துவிட்டார். போகட்டும். படித்தவர் முழுவதும் படித்திருக்கலாம். பாதியில் பாயசம் வந்துவிட்டது போலிருக்கிறது.

அண்ணனுக்குப் பதில் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் அந்த ஐந்தாம் இடம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

2004 ஆகஸ்ட் 23. ஏதென்ஸ் நகரத்து ஒலிம்பிக் உள்ளரங்கம். ஆண்களுக்கான ஹரிசான்டல் பார் இறுதிப்போட்டி. இரண்டு கம்பங்களுக்கு நடுவே 28 மில்லிமீட்டர் கனத்தில் ஒற்றை இரும்புக் கம்பி. தரையிலிருந்து 2.80 மீட்டர் உயரம். கையில் தோல் பட்டை, அதன்மேல் வெள்ளைப் பொடி. அவ்வளவுதான் ஆயுதம். கம்பியைப் பிடித்துச் சுற்றுவது யாரும் பழகினால் வரும். கம்பியை விட்டுவிட்டு மறுபடி பிடிப்பதுதான் வித்தை. காற்றில் இருக்கும்போது கம்பி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க நேரம் கிடையாது. கை தானாகப் போய்ப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நேரே தரைதான்.

நெமோவ் ஏறினார். வயது 28. மூன்றாவது ஒலிம்பிக். அன்றைக்கு அவர் கம்பியை விட்டது ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. அதில் நான்கு, ஒன்றன்பின் ஒன்றாக. சோவியத் வீரர் அலெக்சாண்டர் தக்காச்சேவ் பெயரில் ஒரு வித்தை உண்டு. சுழன்று மேலே வந்ததும் கையை விட்டு, கால்களை விரித்து, பின்பக்கமாகவே கம்பிக்கு மேலே பறந்து மறுபக்கம் போய்ப் பிடிப்பது. அதில் மூன்று விதம் செய்தார். மூச்சு விடுவதற்குள் ஜெர்மனியின் எபர்ஹார்ட் கீங்கர் பெயரில் இருக்கும் இன்னொன்றையும் செய்தார். அரங்கம் எழுந்துவிட்டது. கடைசியில் இறங்கும்போது மட்டும் கால் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. அது குறைதான். அதற்கு மார்க் வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். நான் ஒன்றும் கண்மூடி ரசிகர் இல்லை.

மார்க் வந்தது. பத்துக்கு 9.725.

அப்போது ஆரம்பித்தது பாருங்கள் ஒரு ஊளை! ரஷ்யர்கள் மட்டுமா கத்தினார்கள்? கிரேக்கர்கள் கத்தினார்கள், அமெரிக்கர்கள் கத்தினார்கள், கொடியே இல்லாமல் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கத்தினார்கள். ஒரு நிமிடம் கத்தி ஓய்ந்தால் சரி. ஓயவில்லை. போட்டி நின்றுவிட்டது. அவர்களுடைய கோபத்துக்குப் பழைய பாக்கியும் ஒன்று இருந்தது. சில நாள் முன்புதான் அதே அரங்கத்தில் தென்கொரியாவின் யாங் தே யங்குக்கு அவருடைய பயிற்சியின் கடின மதிப்பை 10 என்று வைக்க வேண்டியதை 9.9 என்று தவறாக வைத்து, எல்லாக் கருவிகளிலும் வாங்கிய மார்க்கைக் கூட்டிப் பார்க்கும் ஒட்டுமொத்தப் பிரிவில் அவர் மூன்றாம் இடத்துக்குப் போனார். தங்கம் அமெரிக்காவின் பால் ஹாமுக்கு. மூன்று நடுவர்களை அதற்காகச் சஸ்பெண்ட் செய்தார்கள். கூட்டம் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் வந்து உட்கார்ந்திருந்தது.

நடுவர் அவர்களே, நீங்கள் ஏன் தண்ணீர் குடிக்கிறீர்கள்? நான் ஏதென்ஸ் நடுவர்களைத்தான் சொல்கிறேன்.

அந்த நடுவர்கள் தலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசினார்கள். இரண்டு பேர் தங்கள் மார்க்கைத் திருத்தினார்கள். புதிய மார்க் வந்தது. எவ்வளவு? 9.762. ஏறியது 0.037! நம் வீட்டுப் பிள்ளை ப்ளஸ் டூ விடைத்தாள் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டி, ஒரு மாதம் காத்திருந்து, அரை மார்க் வாங்கிக்கொண்டு வருமே, அதேதான். அரை மார்க் ஏறியது, கட் ஆஃப் ஏறவில்லை. நெமோவின் இடம் அப்போதும் மாறவில்லை. ஊளை இரண்டு மடங்கானது. திருத்தாமல் இருந்திருந்தாலாவது 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று வீம்பாக நின்றிருக்கலாம். திருத்தியதால் முதலில் போட்டது தப்பு என்று அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல் ஆகிவிட்டது.

இதே கதையை இன்னொருவர் கண்ணால் பார்ப்போம், கொஞ்சம் பொறுங்கள். நெமோவுக்கு அடுத்துக் கம்பியில் ஏற வேண்டியவர் யார்? அதே பால் ஹாம்! பாவம், ஏற்கெனவே 'உன் தங்கம் உன்னுடையது இல்லை' என்று உலகமே அவரைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கிறது. கையில் பொடி பூசியாகிவிட்டது. உடம்பு சூடேறி நிற்கிறது. எதிரே ஆயிரக்கணக்கான பேர் கத்துகிறார்கள். அவரைப் பார்த்துக் கத்தவில்லை, சரி, ஆனால் காதுக்கு அது தெரியுமா? பத்து நிமிடத்துக்கு மேல் இப்படி நின்றால் உடம்பு ஆறிவிடும், கை வியர்த்துவிடும். அந்தக் கையோடு 2.80 மீட்டர் உயரத்தில் கம்பியை விட்டுப் பிடிக்க வேண்டும்.

இப்போது நெமோவ் என்ன செய்யலாம்? எதிரணி அண்ணனாக இருந்தால் என்ன செய்திருப்பார்? நாற்காலியில் சாய்ந்து, 'நல்லா கத்துங்கடா' என்று காலை ஆட்டிக்கொண்டு இருந்திருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், பொய் சொல்லக் கூடாது. நெமோவ் எழுந்தார். கூட்டத்துக்குக் கை அசைத்து நன்றி சொன்னார். உட்கார்ந்தார். ஊளை நிற்கவில்லை. மறுபடி எழுந்து, இந்த முறை மேடை மேலேயே ஏறினார். இரண்டு கைகளையும் தாழ்த்தி, போதும், அமைதி, அடுத்தவர் ஆடட்டும் என்று சைகையால் கேட்டார். நடுவர்களால் அடக்க முடியாத கூட்டம், ஒலிபெருக்கியால் அடக்க முடியாத கூட்டம், பாதிக்கப்பட்டவன் கேட்டான் என்பதற்காக அடங்கியது. ஹாம் ஏறினார். 9.812 வாங்கினார். இத்தாலியின் இகோர் கசினாவும் அதே 9.812. சமன் முறிக்கும் விதியில் கசினாவுக்குத் தங்கம், ஹாமுக்கு வெள்ளி. ஜப்பானின் இசாவோ யோனெடாவுக்கு வெண்கலம். நெமோவ் ஐந்தாவது.

நெமோவ் வளர்ந்த ஊர் வோல்கா நதிக்கரையில், லாடா கார்கள் தயாராகும் தொல்யாத்தி. அது யார் பெயர் தெரியுமா? பல்மீரோ தொல்யாத்தி என்ற இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவரின் பெயர். ஊருக்குப் பெயர் கொடுத்தது இத்தாலி, தங்கத்தை எடுத்துப் போனதும் இத்தாலி! தலைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மனதில் தோன்றியது, சொன்னேன்.

இப்போது அண்ணன் எறிந்த கல்லுக்கு வருகிறேன். 'பதக்கம் வாங்கத் துப்பில்லாதவன்.' அண்ணே, கொஞ்சம் எண்ணிக்கொள்ளுங்கள். 1996 அட்லாண்டா: அணிக்குத் தங்கம், ஓடி வந்து தாண்டிக் குதிக்கும் வால்ட் பிரிவில் தங்கம், ஒட்டுமொத்தப் பிரிவில் வெள்ளி. அந்த வெள்ளியும் சீனாவின் லீ ஷியாவோஷுவாங்கிடம் வெறும் 0.049 வித்தியாசத்தில் தோற்று வந்தது. அப்புறம் மூன்று வெண்கலம். மொத்தம் ஆறு. 2000 சிட்னி: ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம், இதே ஹரிசான்டல் பாரில் தங்கம், தரைப் பயிற்சியில் வெள்ளி, இன்னும் மூன்று வெண்கலம். அதுவும் ஆறு. ஆறும் ஆறும் பன்னிரண்டு. இரண்டே ஒலிம்பிக்கில் 12 பதக்கம், அதில் நான்கு தங்கம்! அண்ணன் தம் உரையில் அள்ளி அள்ளிப் போட்ட உதாரண புருஷர்களில் எத்தனை பேருக்கு 12 இருக்கிறது? துப்பில்லாதவனாம்!

எதிரணியில் கை தூக்குகிறார்கள். தெரியும், என்ன கேட்பீர்கள் என்று தெரியும். 'பதக்கம் பெரிதில்லை என்று சொல்ல வந்தவர் பதக்கக் கணக்கு சொல்லி மிரட்டலாமா?' அதுதானே? சிட்னியில் அவர் அதே கம்பியில் வாங்கிய தங்கமும் பிரான்ஸின் பெஞ்சமின் வரோனியனோடு 9.787 என்று சமனாகி, விதியால் வந்ததுதான், அப்போது நடுவர் நல்லவர், இப்போது கெட்டவரா என்றும் கேட்பீர்கள். நல்ல கேள்வி. இதற்கெல்லாம் எங்கள் தலைவி அக்கா தொகுப்புரையில் பதில் சொல்வார். அக்கா என்னை முறைக்கிறார். நான் மேலே போகிறேன்.

உங்களிடமே கேட்கிறேன். 2016 ரியோ ஒலிம்பிக், பெண்கள் வால்ட். நம் தீபா கர்மாகர் 0.150 வித்தியாசத்தில் நான்காம் இடம். மூன்றாம் இடம் வந்தவர் யார்? சொல்பவருக்கு இப்போது எனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றிக் கொடுக்கிறேன். யாருமில்லையா? சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர். அருமையான வீராங்கனை. ஆனால் அன்றைக்கு இரவு விழித்து யாரைப் பார்த்தீர்கள்? தீபா செய்த வித்தைக்குப் பெயர் புரோதுனோவா. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யெலேனா புரோதுனோவா, அவரும் ரஷ்யர்தான். ஒலிம்பிக்கில் அவருக்கு ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் உண்டு, தங்கம் கிடையாது. ஆனால் திரிபுராவில் ஒரு பெண் ஓடி வந்து குதித்தால் அந்தக் குதிப்புக்கு அவர் பெயர்.

ஏதென்ஸ் கூட்டம் போட்ட ஊளைக்கும் ஒரு பலன் உண்டு. அங்கே நடந்த குளறுபடிகளால் மார்க் போடும் முறையையே மாற்றினார்கள். 2006 முதல், பத்துதான் உச்சம் என்ற அந்தப் பழைய கணக்கு கிடையாது. வித்தையின் கடினத்துக்குத் தனி மார்க், செய்த அழகுக்குத் தனி மார்க். பதக்கம் வாங்கிய மூன்று பேரால் நடக்காததை ஐந்தாம் இடம் நடத்திக் காட்டியது என்று சொன்னால் கொஞ்சம் அதிகப்படிதான், ஆனாலும் சொல்லிக்கொள்கிறேன்.

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிடம் ஐயா.

நெமோவ் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா விட்டுப் போய்விட்டார். அம்மா ஒருத்தியாக வேலைக்கும் போய், பிள்ளையையும் ஜிம்முக்கு அனுப்பி வளர்த்தார். அங்கே இரண்டாவது வரிசையில் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே அம்மா, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து ரத்தம் வரும்போது மருந்து போட்டவர் எந்த நடுவரும் இல்லை. அப்புறம் அந்தப் பிள்ளையும் அப்பா ஆனான். சிட்னி ஒலிம்பிக்குச் சற்று முன்னால் மகன் பிறந்தான். இவன் பார்க்கவில்லை. நான்கு வருடம் உழைத்தது அந்த நாட்களுக்குத்தானே, எப்படிப் போவது? ஆறு பதக்கத்தையும் வாங்கிய பிறகுதான் மகன் முகத்தைப் பார்த்தான்.

அப்பா இல்லாமல் வளர்ந்தவன், அப்பாவான நாளில் பக்கத்தில் இல்லாதவன், கண் முன்னால் தன் மார்க் பறிபோகிறது, ஊரே தன் பக்கம் நின்று கத்துகிறது. அந்த நேரத்தில் கூட, அடுத்து ஆட நிற்கும் அமெரிக்கப் பையனுக்குக் கை நடுங்குமே என்று நினைத்தானே! தோற்ற இடத்தில் அப்படி நிற்க அந்தத் தாய் எப்படிப் பழக்கினாள்? என் பிள்ளை ஐந்தாம் இடம் வரட்டும் ஐயா, நூறாவது இடம்கூட வரட்டும், இப்படி ஒரு பிள்ளையாக வந்தால் போதும். கை தட்டுகிறீர்கள். அந்தத் தட்டலைத் தொல்யாத்தியில் இருந்த அந்த அம்மாவுக்கே கொடுத்துவிடுகிறேன்.

மணி அடித்தாயிற்று. அண்ணே, 12. எழுதிக்கொண்டீர்களா? நன்றி, வணக்கம்.