லாட்டரி காசுல தர்மம்: கொரோனா நேரத்துல கணக்கு கேட்டது யாரு?

[திரையில்: பூட்டுன கேட், பின்னால பாதி கட்டுன கட்டடம்]

நீங்க ஊர்ல நல்ல மனசோட ஒரு டிரஸ்ட் நடத்துதிய. உங்களுக்கே தெரியாம ஒருத்தன் அந்த டிரஸ்ட் பேர்ல புதுசா ஒரு பேங்க் அக்கவுண்ட் தொறந்து, லாட்டரி ஆபீஸ்ல இருந்து கோடிக்கணக்குல மானியம் வாங்கிட்டுப் போயிட்டான். ஒரு நாள் பேப்பர்க்காரன் வந்து "அந்தக் காசு எங்கய்யா?"ன்னு கேக்கும்போதுதான் உங்களுக்கே விஷயம் தெரியுது. கதை இல்ல மக்களே, தென்னாப்பிரிக்காவுல நெசமாவே நடந்தது. அதுவும் ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல.

வணக்கம், எல்லாரும் நல்லாருக்கியளா? லைக் பண்ணுங்கன்னு கெஞ்ச மாட்டேன், ஆனா பண்ணுனா சந்தோஷம்.

வரலாறை ஒரே மூச்சுல முடிச்சிருதேன். 1967ல கேரளா அரசு லாட்டரி தொடங்குச்சு, அடுத்த வருஷம் அண்ணா ஆட்சியில நம்மூர்ல பரிசுச் சீட்டு வந்துச்சு, 2003 ஜனவரியில ஜெயலலிதா தடை போட்டாங்க, அதுல இருந்து நம்ம ஆளுக செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவுக்குப் போயி எடுத்துட்டு வாராங்க. அவ்ளோதான் வரலாறு.

கேரளாவுல லாட்டரிய நடத்துறது அரசாங்கமே. "காருண்யா"ன்னு ஒரு டிக்கெட் இருக்கு பாத்திருப்பிய. அதுல வாற காசுலதான் 2012 வாக்குல கேன்சர், ஹார்ட், கிட்னி நோயாளிகளுக்குன்னு ஒரு நிதி ஆரம்பிச்சாங்க. கொரோனா வந்ததும் 2020 மார்ச் கடைசியில குலுக்கலே நின்னு போச்சு, ஜூன்லதான் மறுபடி ஓட ஆரம்பிச்சுது. புளியரை செக்போஸ்ட்ல இ-பாஸ் இல்லாம ஈ கூட தாண்ட முடியாத நேரம் அது, ஞாபகம் இருக்கா? அந்தப் பக்கம் டிக்கெட்டைக் கையில விரிச்சு வச்சு விக்கிறவங்கள்ல நிறையப்பேரு வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க. தர்மம் பண்ற லாட்டரிய விக்கிற ஆளுக்கே தர்மம் தேவைப்பட்ட காலம். இதுல ஒண்ணு கவனிச்சியளா, வியாதி வந்து நாடே படுத்துக் கிடக்கும்போதுதான் தர்ம ஸ்தாபனத்துக்குக் காசு அதிகமா வேணும், அதே நேரத்துல லாட்டரி விக்கிற கடையும் மூடிக் கிடக்கும்.

இங்கிலாந்து பக்கம் சட்டுனு எட்டிப் பாத்துட்டு வந்துருவோம். அங்க வேலையப் பிரிச்சு வச்சிருக்காங்க. நடத்துறது லைசென்ஸ் வாங்குன ஒரு கம்பெனி, அதக் கண்காணிக்கிறது கேம்பிளிங் கமிஷன், காசப் பிரிச்சுக் கொடுக்கிறதுக்கு வேற வேற அமைப்பு. அதுல பெருசு நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்ட், லாட்டரியில இருந்து நற்காரியத்துக்குன்னு ஒதுக்குற காசுல 40 சதவீதம் அதுக்குத்தான் போவும். 2020ல அரசாங்கம் சின்னச் சின்ன தொண்டு நிறுவனங்களுக்குன்னு 200 மில்லியன் பவுண்டு, நம்ம கணக்குல 1,800 கோடிக்கு மேல, ஒதுக்குச்சு. அதக் கொண்டு சேர்க்க புதுசா ஒரு துறை ஆரம்பிக்கல, இவங்க கையில கொடுத்துட்டாங்க. ஏன்னா எந்த ஊர்ல யாரு சோறு போடுதாங்க, யாரு வயசானவங்களப் பாத்துக்கிடுதாங்கன்ற விவரமெல்லாம் இவங்ககிட்டதான் இருக்கு. யாருக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு நெட்லயும் போட்டுருதாங்க, நீங்களும் நானும் இங்கருந்தே டவுன்லோடு பண்ணிப் பாக்கலாம்.

இப்ப வாங்க மெயின் பிக்சருக்கு.

[திரையில்: தென்னாப்பிரிக்கா வரைபடம்]

தென்னாப்பிரிக்காவோட நேஷனல் லாட்டரீஸ் கமிஷன். 1997 வருஷத்து சட்டத்துல வந்த அமைப்பு. குலுக்கல் ஒழுங்கா நடக்குதான்னு பாக்கிற ரெகுலேட்டரும் இவங்கதான், நற்காரியத்துக்குன்னு வாற நிதிய வச்சிருக்கதும் இவங்கதான், யாருக்குக் கொடுக்கணும்னு முடிவு பண்ற குழுக்களுக்கு ஆபீஸ் வேலை எல்லாம் பாக்கிறதும் இவங்கதான், கொடுத்த காசுல வேலை நடந்துச்சான்னு பாக்க வேண்டியதும் இவங்கதான்.

இது எனக்கு எப்படித் தோணுதுன்னா, நம்மூர் அம்மன் கோயில் கொடைய நினைச்சுப் பாருங்க. தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி பிரிக்க ஒரு செட்டு, மேளத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்க ஒரு செட்டு. எட்டாங்கொடை அன்னைக்கு ராத்திரி எல்லாரையும் உக்கார வச்சு நோட்டை விரிச்சு வரவு இவ்வளவு, செலவு இவ்வளவுன்னு வாசிப்பாங்க. அன்னைக்கு வாற சண்டை இருக்கே! "எலுமிச்சம்பழத்துக்கு எப்படிய்யா 800 ரூவா?"ன்னு பின்னால சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்க ஒரு பெரியவரு கேப்பாரு. வரி கொடுத்ததே 500 ரூவாதான், ஆனா கேள்வி ஆடிட்டர் மாதிரி வரும். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு அவருதான். ஒரு டியூப் லைட்டு வாங்கிக் கொடுத்தாகூட வெளிச்சம் மறையுற அளவுக்கு உபயம்னு பேரை எழுதுற ஊரு நம்ம ஊரு, கேலி பண்ணுவோம்லா? ஆனா கொடுத்தது யாரு, வாங்குனது என்னன்னு ஒளிவு மறைவு இல்லாம தெரியும்.

இப்ப அந்த நோட்டைப் பூட்டி வச்சுட்டு, "கணக்கு ரகசியம், வாசிக்க மாட்டோம்"னு தலைவர் சொன்னா விடுவியளா? கமிஷன் அதத்தான் செஞ்சுது. வருஷா வருஷம் ஆண்டறிக்கையில மானியம் வாங்குனவங்க லிஸ்ட்டைப் போட்டுக்கிட்டு இருந்தவங்க, 2018-19 கணக்குல போட மாட்டோம்னுட்டாங்க. கேட்டா, சட்ட விதி அனுமதிக்கலன்னு பதில்.

அதுக்கு முன்னால ஒரு மாத்தம் நடந்துச்சு. யாரும் மனு போடாமலே கமிஷனே ஒரு தேவையப் பாத்து காசு கொடுக்கலாம்னு 2013ல சட்டத்தைத் திருத்துனாங்க, 2015ல அமலுக்கு வந்துச்சு. நினைப்பு நல்லாத்தான் இருந்துச்சு. குக்கிராமத்துல கஞ்சித்தொட்டி நடத்துற ஆச்சிக்கு 20 பக்க ஃபாரம் நிரப்பத் தெரியுமா? ஆனா மனுவே வேண்டாம்னா, யாருக்குக் கொடுக்கணும்னு உள்ள இருக்கவங்க முடிவு பண்ணுனா போதும்லா? ஆடு நனையுதேன்னு ஓநாய்க வந்து நின்னுச்சு.

பிரிட்டோரியா பக்கம் போதை மறுவாழ்வு மையம் ஒண்ணு, 27.5 மில்லியன் ராண்டு, நம்ம காசுல 10 கோடிக்கு மேல. பாதியில கிடந்துச்சு. வீடியோ தொடக்கத்துல சொன்னேன்லா, அடுத்தவங்க தொண்டு நிறுவனத்தைக் கடத்துறதுன்னு, அந்த மாதிரி கேஸுகதான் இதெல்லாம். இதத் தோண்டி எடுத்தது பெரிய டிவி சேனல் இல்ல, கிரவுண்ட்அப்னு ஒரு சின்ன செய்தித்தளம். அந்தப் பெரியவர் கேட்ட எலுமிச்சம்பழக் கேள்வியத்தான் இவங்களும் விடாம கேட்டாங்க.

இந்த நிலைமையிலதான் கொரோனா வருது. 2020ல கமிஷன் 150 மில்லியன் ராண்டு, சுமாரா 60 கோடி ரூவா, நிவாரணம்னு அறிவிச்சுது. வேகமாக் கொடுக்கணும், இல்லன்னா முதியோர் இல்லமும் அனாதை இல்லமும் மூடிரும். ஆனா ஊரடங்குல எந்த ஆபீசர் நேர்ல போயி "கட்டடம் இருக்கா, அடுப்பு எரியுதா"ன்னு பாப்பாரு? போட்டோ அனுப்புனா சரி, பில்லு அனுப்புனா சரி. பாராளுமன்றக் குழு நெருக்குன பிறகு அந்த 2020லயே லிஸ்ட்டுக வெளிய வந்துச்சு. நவம்பர்ல அதிபர் ராமபோசா சிறப்புப் புலனாய்வுப் பிரிவுகிட்ட விசாரணைய ஒப்படைச்சாரு. அவங்க விசாரிச்ச மானியத்தோட மதிப்பு 1.4 பில்லியன் ராண்டுக்கு மேல போச்சு, 500 கோடி ரூவாயத் தாண்டும். ஏழைகளுக்குப் போவ வேண்டிய காசு ஆடம்பர பங்களாவா நின்னுச்சு, சிலதை கோர்ட்டு முடக்கி வச்சுது.

இதப் பாத்துட்டு "அப்ப தர்மக் காசே வேண்டாம்யா, எல்லாம் திருட்டு"ன்னு கமெண்ட் போடுறதுக்கு ஒரு கூட்டம் ரெடியா இருக்கும், தெரியும். அந்தக் கமிஷன் காசுல உண்மையிலயே நடந்த பள்ளிக்கூடமும் நோயாளிக் காப்பகமும் நிறைய இருக்கு, திருடுனவனால அவங்களுக்கு வர வேண்டிய மானியமும்தான் தாமதமாச்சு. என்னையக் கேட்டா, அவசரத்துக்கு மனு இல்லாம கொடுக்கலாம், தப்பே இல்ல. கொடுத்த அன்னைக்கே பேரு, தொகை, ஊரு மூணையும் வெளியில போட்டுரணும். இங்கிலாந்துக்காரன் வேகமாவும் கொடுத்தான், பேரையும் போட்டான்லா?

நம்ம தென்காசி, நெல்லை, தூத்துக்குடி பக்கம் டிரஸ்ட் நடத்துறவங்க யாராவது பாத்துக்கிட்டு இருந்தா, கொரோனா நேரத்துல நிவாரணக் காசு வாங்க என்னென்ன ஃபாரம் கேட்டாங்க, யாராவது நேர்ல வந்து பாத்தாங்களான்னு கமெண்ட்ல எழுதுங்க. ஆபீஸ் பேரு, ஆளு பேரு எதுவும் வேண்டாம். நல்லதா நாலு அனுபவம் வந்தா அத வச்சே அடுத்த வீடியோ போட்டுருவோம்.